வாடை அங்கேயேதான் இருக்கிறது

ஜூலை 11, வெள்ளி

எனக்கு எழுதத் தெரியாது. இதை என் மகள் ஜெசிந்தா எழுதுகிறாள். என் வாயிலிருந்து வருவது ஒரு தமிழ், இவள் தாளில் போடுவது ஒரு தமிழ். கெட்ட வார்த்தைகளை விழுங்கிவிடுகிறாள். விழுங்கட்டும். ஆனால் சொன்ன சங்கதியை மாற்றக் கூடாது என்று கறாராகச் சொல்லியிருக்கிறேன்.

என் பெயர் கித்தேரியான் மச்சாது. தூத்துக்குடித் தோணிகளில் தண்டலாக இருந்தவன். கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ, தோணிக்குத் தண்டல் அப்படி. எங்கள் பாய்த்தோணியின் பெயர் விண்ணரசி. பாதி எனக்கு, பாதி மச்சினன் ரெமிஜியுசுக்கு. அவன் அப்பா கட்டிய தோணி. மகளை எனக்குக் கொடுத்தபோது பாதித் தோணியையும் சேர்த்துக் கொடுத்தார். மகள் போய்ச் சேர்ந்துவிட்டாள். தோணி இருக்கிறது.

இன்று காலை ரெமி வந்தான். உள்ளே வந்து உட்காரவில்லை. நிலைப்படியில் சாய்ந்து, பல்குச்சியைக் கடித்துக்கொண்டே பேசினான். புதுக் கருவிகள் இல்லாமல் இந்த வருடம் சர்வேயில் கடலுக்குப் போகச் சீட்டுக் கொடுக்க மாட்டார்கள். ஆழம் பார்க்கும் கருவி, இடம் காட்டும் கருவி, ரேடியோ, பக்க விளக்கு, அடியில் தண்ணீர் ஏறினால் கத்தும் அலாரம், எல்லாம் வேண்டும். பெட்டிகள் போன வருடமே வந்து பாயறையில் தூங்குகின்றன. வயர் இழுக்கும் கம்பெனி ஆட்கள் அக்டோபருக்கு முன்னால் வர முடியாது என்றுவிட்டார்கள். அதற்குள் கன்னியாகுமரி ரோட்டில் ஒரு ஓட்டல்காரன் விண்ணரசியைக் கேட்கிறானாம். கரையில் ஏற்றி, உள்ளே மேசை போட்டு, புரோட்டா விற்பானாம்.

"ஆகஸ்ட் முடியுறதுக்குள்ள சீட்டு வாங்கிருங்க அத்தான். வாங்கிட்டா நா வாயத் தொறக்க மாட்டேன். வாங்கலன்னா ரெண்டு பேரும் ஓட்டல்காரனுக்குக் கையெழுத்துப் போட்டுருவோம். நீங்க பெருவிரல உருட்டுனாப் போதும்."

பெருவிரல் என்று சொல்லும்போது சிரித்தான். அதையும் எழுது என்றேன்.

ஜெசிந்தா மோட்டார் வைண்டிங் கடையில் வேலை பார்ப்பவள். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "வயர நா இழுக்கேன் மாமா" என்றாள். ரெமியின் வாயிலிருந்து பல்குச்சி விழுந்தது.

கிழவனுக்கு நினைவு தப்பிவிட்டது, என்ன வேலை செய்தான் என்று அவனுக்கே தெரியாது என்று நாளைக்கு எவனும் சொல்லக் கூடாது. அதற்குத்தான் இந்த எழுத்து.

ஜூலை 12

கடையில் லீவு கேட்டாள். கொடுத்தார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

தோணியில் பெண் ஏறக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வலையைத் தாண்டக் கூடாது, தோணியில் கால் வைக்கக் கூடாது. விண்ணரசி இப்போது ஓடையில், மூக்கைக் கரைக்குக் கொடுத்துச் சேற்றில் உட்கார்ந்திருக்கிறது. கரையில் வேலையில்லாத ஆட்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பெலவேந்திரமும் ஒருவன். நல்ல தண்டல். அவன் ஓட்டிய தோணியை முதலாளி விற்றுவிட்டதால் கையை முடக்கி உட்கார்ந்திருக்கிறான். வாய் மட்டும் முடங்கவில்லை.

ஜெசிந்தா பலகையில் கால் வைத்ததும் சீட்டாட்டம் நின்றது. அண்ணே, இது நல்லா இல்ல என்றான் பெலவேந்திரம்.

"தோணிக்கு என்ன பேருடே?"

"விண்ணரசி."

"பொம்பள பேரா ஆம்பள பேரா?"

நான் ஜெசிந்தாவை முன்னே விட்டுப் பின்னால் ஏறினேன். அவள் ஏறிய பலகையில் எவனோ கடல் தண்ணீரைக் கோரி ஊற்றும் சத்தம் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. வாளி பெலவேந்திரத்தின் வாளி. அதன் கைப்பிடி கிரீச்சிடும், எனக்குத் தெரியும்.

உள்ளே ஒன்றும் வசதியில்லை. இந்தக் கம்பெனிக்காரன் எல்லா வயரையும் ஒரே சேற்று நிறத்தில் செய்து தொலைத்திருக்கிறான். இவள் கேட்டதை விட்டு வேறு வேறு வயரை எடுத்துக் கொடுத்தேன். முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.

ஜூலை 19, சனி

தோணியின் வயிற்றுக்குள் விலா எலும்பு மாதிரி வளைந்த மரங்கள் நிற்கும். வங்குக்கால் என்போம். வயர் அவற்றைத் துளைத்துத்தான் போக வேண்டும். எந்தக் காலில் துளைக்கலாம், எந்தக் காலுக்குள் பழைய ஆணி ஒளிந்திருக்கிறது என்று நான் மேலே உட்கார்ந்து சொல்ல, இவள் கீழே படுத்துக்கொண்டு துளைக்கிறாள். மூன்றாவது காலில் ஆணி இல்லை என்றேன். இருந்தது. துரப்பணத்தின் முனை முறிந்தது. அந்த ஆணியை எனக்குத் தெரியாமல் என் மாமனார் அடித்திருக்கிறார்.

எங்களுக்கு இடது வலது எல்லாம் சோற்றுக்கும் செருப்புக்கும்தான். கடலில் காற்றின் பெயரைச் சொல்லித்தான் பக்கம் சொல்வோம். வடக்கே வாடை, தெற்கே சோழகம், கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான். சோழகப் பக்கத்து அலாரத்தின் வயர் இது, வாடைப் பக்கத்தது அது என்று நான் சொல்ல, இவள் வயர் நுனியில் சீட்டு ஒட்டி 'சோ' என்றும் 'வா' என்றும் எழுதுகிறாள். பக்க விளக்கு இரண்டும் பெட்டியில் இருக்கின்றன. சிவப்பு சோழகப் பக்கம், பச்சை வாடைப் பக்கம் என்றேன். பெட்டி மேல் அப்படியே எழுதிக்கொண்டாள்.

மத்தியானம் வெளியே வந்தபோது இவள் முகத்தில் பழைய மீனெண்ணெயும் கரியும். இறந்துபோன இவள் அம்மாவின் சாயல் அப்படியே இருந்தது. அதை எழுதாதே என்றேன். எழுதுகிறாள்.

ஜூலை 26, சனி

பனிமய மாதா கோயிலில் கொடியேற்றம். வேலை இல்லை. கொடி இந்த வருடம் வெளுத்துப்போயிருக்கிறதே என்றேன். புதுக்கொடி அப்பா என்றாள். புதுத் துணி என்றால் இப்போதெல்லாம் இப்படித்தான்.

கோயிலிலிருந்து ஓடைக்குப் போனால், ரெமி ஓட்டல்காரனைக் கூட்டி வந்து தோணிக்குள் நிற்கிறான். ஓட்டல்காரன் டேப்பைப் பிடித்து மேசைக்கு அளந்துகொண்டிருந்தான். சுக்கான் நிற்கிற இடத்தில் கை கழுவும் தொட்டி வருமாம். மரியாதையாகத்தான் சொன்னான். பெரியவர் நீங்க வந்து உக்காந்தா உங்களுக்குச் சாப்பாடு சும்மா என்றான்.

நான் ஏணிப் பலகையைக் கரைக்கு இழுத்துக்கொண்டேன். ஓடையில் அப்போது முழங்காலுக்கு மேல் சேறு. இரண்டு பேரும் இறங்கித்தான் வந்தார்கள். ஓட்டல்காரன் வெள்ளைப் பேன்ட் போட்டிருந்தான்.

ஆகஸ்ட் 2, சனி

இன்று பாய்மரம். ரேடியோவின் ஏரியல் உச்சியில் நிற்க வேண்டும். நான் ஏறுவதாக இருந்தது. காலையிலிருந்து முழங்காலில் பிடிப்பு. கச்சான் காற்றும் அதிகம்.

ஜெசிந்தா சேலையை மாற்றிக்கொண்டு, கடையில் போடும் பேன்டோடு வந்தாள். இடுப்பில் கயிற்றைக் கட்டி அவளை ஏற்றினேன். கயிற்றின் மறுமுனை என் கையில். கரையில் ஒரு கூட்டமே கூடிவிட்டது. ஏறுகிறவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் கயிற்றைக் கட்டிவிட்டுக் கரைக்கு வருவேன் என்று சொல்லிவைத்தேன். யாரும் பேசவில்லை. பெலவேந்திரம் மட்டும், கீழே இருந்து, "ஏளா, கீழ பாக்காத. மரத்தப் பாத்து ஏறு" என்று கத்தினான். கத்திவிட்டு, தான் கத்தியதே தெரியாத மாதிரி பீடி பற்றவைத்தான்.

அவள் இறங்கிய பிறகுதான் என் உள்ளங்கையில் தோல் உரிந்திருப்பதைப் பார்த்தேன். கயிறு புதுசு.

ஆகஸ்ட் 5

மாதா திருவிழா. வாளி ஊற்றியவனும் வந்திருந்தான். வணக்கம் வைத்தான். வைத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேற்றுப் பௌர்ணமி. பெரிய ஓதம். விண்ணரசி சேற்றிலிருந்து எழும்பி மிதந்தது. கரைப்பக்கத்துப் பலகைகளுக்குக் கலப்பத்து முடிந்துவிட்டது. அதாவது பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துக் குங்கிலியம் பூசியாயிற்று. மறுபக்கத்துக்கும் செய்ய வேண்டும் என்றால் தோணியைத் திருப்பிப் போட வேண்டும். சொந்தக்காரப் பையன்களை அழைத்து வடம் கட்டி இழுத்துத் திருப்பினோம். இப்போது மூக்கு கடலைப் பார்க்கிறது. பார்க்க நன்றாக இருக்கிறது. புறப்படப்போகிறவள் மாதிரி.

ஆகஸ்ட் 13, புதன்

ஆழம் பார்க்கும் கருவிக்குத் தோணியின் அடியில் ஓட்டை போட வேண்டும். முழுத் தோணியில் ஓட்டை போடச் சொல்கிற சாமானை யார் கண்டுபிடித்தானோ. கலப்பத்துக்காரர் இதற்கு நான் ஆள் இல்லை என்று உளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தண்ணீர் வற்றியிருந்தபோது ஜெசிந்தா துளைத்தாள். பலகை உறுதி. துரப்பணம் உள்ளே போய் வெளியே வந்தது. ஓட்டை வழியாகச் சேறு நாக்கை நீட்டியது. குங்கிலியம் சூடேறவில்லை, அடுப்பு அணைந்துவிட்டது. ஓதம் ஏற ஆரம்பித்தது. நான் உள்ளங்கையை வைத்து ஓட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். கடல் என் கையைத் தள்ளியது, நான் கடலைத் தள்ளினேன். இவள் அடுப்பை மூட்டி, குங்கிலியம் உருக்கி, கருவியைப் பொருத்தி முடிக்கும்வரை அப்படியே இருந்தேன். ஒரு சொட்டுதான் உள்ளே வந்தது. அந்த ஒரு சொட்டும் என் வேட்டியில்தான்.

சாயங்காலம் கருவியைப் போட்டால், ஒன்றரை மீட்டர் என்று காட்டியதாம். ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்கிறது. நல்ல சாமான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பக்க விளக்குகளைப் பொருத்தினாள். நான் கலப்பத்துக்காரரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். சோழகப் பக்கம் எது அப்பா என்று மேலிருந்து கேட்டாள். கையை நீட்டிக் காட்டினேன். அலாரம் வயர்களையும் சீட்டைப் பார்த்து சுவிட்ச் பலகையில் சேர்த்துவிட்டாள். விளக்கின் அடியைக் குங்கிலியம் வைத்து அடைத்தாயிற்று. ஏறிப் போய்ப் பார்த்தேன். எல்லாம் நேராக, உறுதியாக இருக்கிறது.

ரெமிக்கு ஆள் அனுப்பினேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சர்வே, வந்து கண்குளிரப் பார் என்று.

ஆகஸ்ட் 25, திங்கள்

பொழுது சாயும் நேரத்தில் முதல்முறையாக எல்லா விளக்கையும் போட்டோம். நான் கரையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ரெமியும் வந்திருந்தான். சீட்டாடுகிறவர்களும் எழுந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அதைப் பாராட்டு என்று நினைத்தேன்.

பெலவேந்திரம்தான் ஆரம்பித்தான்.

"அண்ணே, ஒங்க தோணி பின்னாடியேதான் கொழும்பு வரைக்கும் போகுமா?"

கரை முழுக்கச் சிரிப்பு. விளக்கு இடம் மாறியிருக்கிறது. இடப்பக்கம் இருக்க வேண்டிய சிவப்பு வலப்பக்கம். எதிரே வருகிற கப்பல்காரன் பார்த்தால் நாம் போகிறோமா வருகிறோமா என்று தெரியாமல் நம் மேல் ஏற்றிவிடுவான்.

ரெமி சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அத்தான், ஒங்களுக்கு இது தெரியலயா?" என்றான். சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நடந்தது இதுதான். தோணி கரையைப் பார்த்துக் கிடந்தபோது சோழகப் பக்கம் என்றால் அது தோணிக்கு இடப்பக்கம். தோணியைத் திருப்பிப் போட்டோம். இப்போது சோழகப் பக்கம் தோணிக்கு வலப்பக்கம். இவள் பெட்டியில் எழுதியிருந்ததைப் பார்த்துப் பொருத்தினாள். அலாரமும் அப்படித்தான். இடப்பக்கம் தண்ணீர் ஏறினால் வலப்பக்கம் என்று கத்தும்.

இவள் தரையில் இருந்து மோட்டார் சுற்றுகிறவள். தோணி சாஸ்திரம் இவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. நான் சொன்னதிலும் தவறில்லை. அழுத்தி எழுது என்றேன். வாடை அங்கேயேதான் இருக்கிறது. சோழகமும் அங்கேயேதான் இருக்கிறது. தோணிதான் திரும்பியது.

"விளக்க மாட்டினப்பறம் நீங்க ஏறிப் பாத்தியளே அப்பா" என்றாள்.

கண்ணாடியில் தூசி என்றேன்.

காலையிலிருந்து குங்கிலியத்தைச் சுரண்டி, விளக்கைக் கழற்றி, இடம் மாற்றிப் போட்டோம். அலாரத்தையும் மாற்றினாள். பழைய சீட்டுகளைக் கிழித்துவிட்டு 'இடம்', 'வலம்' என்று எழுதி ஒட்டினாள். வேலை முடிந்தது.

(அப்பா சொல்லாமல் நான் எழுதுகிற வரி இது. மாட்டுவதற்கு முன் இரண்டு விளக்கையும் எரியவிட்டு அப்பா முன்னால் பிடித்தேன். எது சிவப்பு என்று கேட்டேன். மாற்றிச் சொன்னார். இன்னொரு முறை கேட்டேன். மறுபடியும் மாற்றிச் சொன்னார். ஜெசிந்தா.)

ஆகஸ்ட் 27, புதன்

நேற்று என் வாய் மூடியிருந்தபோதும் பேனா ஓடியது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை.

காலையில் பெலவேந்திரத்தின் வீட்டுக்குப் போனேன். போகும்போது இவளையும் கூட்டிக்கொண்டேன். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"வெள்ளிக்கிழம சர்வே. விண்ணரசிக்குத் தண்டல் வேணும். ஒன் தண்டல் சீட்டு உயிரோட இருக்கா?"

"இருக்கு. ஆனா நீங்க?"

"என் வேல எனக்கு இருக்கு. நீ வாறியா, இல்லியா?"

அவனுக்கு ஆசை முகத்தில் தெரிந்தது. ஆனால் கண் ஜெசிந்தா மேல் போனது. வெள்ளோட்டத்துக்கு இவளும் கடலுக்கு வருவாள், வயர் இழுத்தவள் அலையில் அதைப் பார்க்க வேண்டும் என்றேன். அவன் தலையை ஆட்டினான். பொம்பளை ஏறின தோணியைக் கரையில் வேண்டுமானால் பார்த்துக்கொள்கிறேன், கடலில் முடியாது, நம் வழக்கம் ஒன்று இருக்கிறதல்லவா என்றான்.

இதை நான் சாகும்வரை சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன். அவன் அம்மா சவரியாயி கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டது. அவளும் போய்ப் பல வருடம் ஆகிறது. அவளைக் கேவலப்படுத்துகிற சங்கதியும் இல்லை.

"நீ எங்க பொறந்த?"

"கொழும்புல. கொட்டாஞ்சேனைல."

"கொட்டாஞ்சேனைல இல்ல. ஒங்கப்பன் அங்க காய்ச்சல்ல போனப்பறம், நெறமாசமா இருந்த ஒங்கம்மாவ நம்ம ஊர்த் தோணி ஒண்ணுலதான் கூட்டி வந்தோம். நா அப்ப மீச மொளைக்காத பய. நடுக்கடல்ல வலி வந்துட்டு. பாய இறக்கி மறப்பு கட்டுனோம். ஒன் கொடிய அறுத்தது மீன் அறுக்குற கத்தி. கழுவி நெருப்புல காட்டுனது நான். அந்தத் தோணி அதுக்கப்பறம் பதினஞ்சு வருசம் ஒரு பலக ஒடையாம ஓடிச்சு."

அவன் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அம்மா ஏன் சொல்லவில்லை என்று பெலவேந்திரம் கேட்டான்.

"தோணியில பெத்தேன்னு சொன்னா, ஒன்னத் தோணியில ஏத்த மாட்டாங்கன்னு பயந்தா."

நாற்காலியில் நான் உட்காராததால் அவன் உட்கார்ந்தான். அப்புறம் ஜெசிந்தாவிடம், ஆழம் பார்க்கிற பெட்டியை எப்படிப் போடுவது என்று கேட்டான். தண்ணீர் ஊற்றியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வாளியைக் கொண்டுவா, தோணிக்கு வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சர்வேயர் வந்தார். குனிந்து, படுத்து, எல்லாம் பார்த்தார். வயர் போன வழியை டார்ச் அடித்துத் தொடர்ந்தார். அடியில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். இடப்பக்க அலாரம் இடப்பக்கம் என்று கத்தியது. விளக்குகளைப் போடச் சொன்னார். நான் விளக்கைப் பார்க்கவில்லை, பெலவேந்திரத்தின் முகத்தைப் பார்த்தேன். அவன் முகம் கோணவில்லை.

வயர் வேலை யார் என்று கேட்டார். ஜெசிந்தா கையைத் தூக்கினாள். சுத்தமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னார். தண்டல் யார் என்று கேட்டார்.

ரெமி வாயைத் திறந்தான். அத்தானுக்குக் கண் சரியில்லை என்று சொல்லத்தான் திறந்தான், எனக்குத் தெரியும். அவனை முந்திக்கொண்டேன்.

"எனக்கு நெறம் தெரியாது சார். செவப்பும் பச்சையும் ஒண்ணுதான். தண்டல் இவன், பெலவேந்திரம்."

சொல்லி முடித்ததும் ஜெசிந்தாவைப் பார்த்தேன். நீ தனியாக எழுதிவைக்க வேண்டியது இனி ஒன்றும் இல்லை என்று அவளுக்குப் புரிந்திருக்கும்.

சர்வேயர் பெலவேந்திரத்தின் சீட்டை வாங்கிப் பார்த்துக்கொண்டே, அப்படியென்றால் நீங்கள் யார் பெரியவரே என்றார்.

"பண்டாரி" என்றேன். தோணியில் சமைக்கிறவன்.

ரெமி, "அத்தான்" என்றான். தண்டலாக இருந்தவன் எவனும் எங்கள் ஊரில் பண்டாரியாகப் போனதில்லை.

"உப்பையும் புளியையும் நெறம் பாத்தாடே போடுதாங்க?" என்றேன்.

சர்வேயர் கையெழுத்துப் போட்டார். ரெமியைப் பார்த்தேன். நிலைப்படியில் சாய்ந்து பல்குச்சி கடித்துக்கொண்டு அவன் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னேன். வாயைத் திறக்க மாட்டேன் என்பதுவரை. திறக்கவில்லை. ஓட்டல்காரனுக்கு அவனே போன் பண்ணட்டும்.

செப்டம்பர் 3, புதன்

வெள்ளோட்டம். இதைக் கடலில் வைத்து எழுதுகிறாள். எழுத்து கோணினால் அலையைத்தான் கேட்க வேண்டும்.

முயல் தீவைத் தாண்டியதும் பாயை விரித்தோம். பெலவேந்திரம் சுக்கானில். மக்ளே, ஆழம் என்ன என்று கேட்கிறான். இவள் பெட்டியைப் பார்த்துச் சொல்கிறாள். நான் அடுப்படியில் இருந்தேன். இவள் சொல்வதற்கு முன்னாலேயே நான் மனதுக்குள் ஒரு ஆழம் சொல்லிக்கொண்டேன். சில தடவை பெட்டி என்னோடு ஒத்துப்போனது. சில தடவை ஒத்துப்போகவில்லை. அது பெட்டியின் பாடு.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. எதிரே ஒரு கப்பல். என்ன விளக்கு என்று பெலவேந்திரம் கேட்டான். சிவப்பு என்று ஜெசிந்தா கத்தினாள். அவன் சுக்கானைத் திருப்பினான். கப்பல் விலகிப் போனது. நான் அகப்பையை வைத்துவிட்டு ஒரு நிமிடம் நின்றேன். என் தோணி போக வேண்டிய பக்கம் போகிறது என்று காலடியில் தெரிந்தது.

மூன்று பேருமாகச் சாப்பிட உட்கார்ந்தோம். சாளைக் குழம்பு. பெலவேந்திரம் ஒரு வாய் வைத்துவிட்டு இவளைப் பார்த்தான். இவள் அவனைப் பார்த்தாள்.

"என்ன பண்டாரி, கொழம்புல உப்பையே காணோம்?" என்றான் பெலவேந்திரம்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. இதை அழுத்தி எழுது என்றேன்.